கயிற்றுக்கு மேலே

பல் டாக்டருக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவந்துவிடும். அன்று காலை மைதானத்தில் அண்ணன் மகள் வாலு முதல் பந்தை வீசியதுமே அது சிவந்தது.

வாரம் முழுக்கப் பல் பிடுங்குகிறவள், சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குச் சுழல்பந்து சொல்லித் தருவாள். ஆடுகளத்தின் நடுவே இரண்டு கம்பு நட்டு, துணி காயப்போடும் கயிற்றைக் குறுக்கே கட்டியிருப்பாள். பந்து கயிற்றுக்கு மேலே போனால் எல்லோரும் கை தட்ட வேண்டும். வைடு போனாலும் தட்டு, சிக்சர் வாங்கினாலும் தட்டு. தூக்கிப் போடப் பயப்படுகிற பிள்ளைக்குப் பந்து எந்தக் காலத்திலும் திரும்பாது என்பது அவள் கட்சி.

போன வாரம் வரை வாலு போட்ட பந்து கயிற்றைத் தாண்டி விழுந்து திரும்பும். திரும்பாவிட்டாலும் அவள் சிரிப்பாள். இன்றைக்குப் பந்து கயிற்றுக்குக் கீழே சர்ரென்று நேராகப் போனது. மணிக்கட்டு மரக்கட்டையாக இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"வைடு போட்டா வீட்டைச் சுத்தி ஓடணும் அத்தை. அப்பா நேத்து ஓட வச்சாரு."

அப்பா அங்கேதான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"போன மேட்ச்ல அத்தனை வைடு. என் மானமே போச்சு. டீம் எடுக்கற நேரம் இது. இனிமே நேரா போடட்டும். இல்லேன்னா இந்த ஸ்பின்னே வேணாம், நிறுத்திடறேன்."

"பத்து வயசுப் பொண்ணு வைடு போட்டா உன் மானம் எப்படிண்ணா போகும்? அதை என்ன பந்துலயா ஒட்டி வச்சிருக்க?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மைதானத்தில் மட்டைக்காரர்கள் கொடுக்கும் அடி போதாதென்று வீட்டிலும் அடியா? சிரித்துக்கொண்டு ஆட வந்த பிள்ளையை இப்படிக் கெடுத்துவிட்டு, வளர்க்கிறேன் என்று பேர் வேறு! டாக்டர் பந்தை அண்ணன் கையில் திணித்தாள்.

"வாய் கிழியப் பேசறியே, நீ போடு பாப்போம். வைடு போனா நீயும் மைதானத்தைச் சுத்தி ஓடணும்."

"இதென்ன பிரமாதம்?" என்று அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

முதல் பந்து கயிற்றுக்கு மேலே ஜோராகப் போய், ஸ்டம்புக்கு வெகு தூரத்தில் கிடந்த பையில் விழுந்தது. பிள்ளைகள் சிரிக்கவில்லை. பழக்கப்படி படபடவென்று கை தட்டினார்கள்.

"ஓடு," என்றாள் டாக்டர்.

தொப்பை குலுங்க ஒரு சுற்று ஓடி, மூச்சு வாங்க வந்து நின்றார். அடுத்த பந்தை ஓங்கியவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு குனிந்து, கயிற்றுக்குக் கீழே தட்டையாகத் தள்ளிவிட்டார். ஒருவரும் கை தட்டவில்லை.

"நேராத்தானே போச்சு?" என்றார் சுற்றிலும் பார்த்து.

"பயந்துட்டீங்களாப்பா?" என்றாள் வாலு. அதில் கேலியே இல்லை, பரிதாபம்தான் இருந்தது. "எனக்கும் அப்படித்தான் கை திரும்பவே மாட்டேங்குது. பயமா இருக்கு."

"பந்துக்குப் போய் யாராவது பயப்படுவாங்களாம்மா?"

"பந்துக்கு இல்ல. உங்களுக்குத்தான்."

அண்ணனைத் திட்டுவதற்கென்று டாக்டர் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அதற்குப் பிறகு தேவைப்படவில்லை.