ஃபேன் ஓடுது

நின்றால் சூடாக வேண்டும், ஓடினால் ஆற வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் கெட்ட வண்டிக்கு அதுதான் இலக்கணம். அப்பாவின் வண்டி அந்த இலக்கணத்தைத் தலைகீழாகப் படித்திருந்தது. ஒர்க்‌ஷாப்பில் அரைமணி நேரம் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டால் டெம்பரேச்சர் முள் சமர்த்துப் பிள்ளையாகப் பாதியில் நிற்கும். கடைத்தெருவில் நாற்பதில் போனால் ஏறும். ஊருக்கு வெளியே எண்பதைத் தொட்டால், ஒன்றுமே நடக்காதது மாதிரி இறங்கிவிடும்.

"உங்க வண்டிக்கு சூடு இல்லண்ணே, கொழுப்பு," என்றார் ஃபோர்மேன்.

அப்பா சிரிக்கவில்லை. வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கு அந்த ஜோக்குக்குச் சிரிப்பு வராது. ஒரு கம்பெனியின் ஆட்களைக் காலையில் ஏற்றி மாலையில் இறக்குவது ஒன்றுதான் அவருக்கு நிலையான ஓட்டம். நான்கு நாளாகச் சிநேகிதரின் காரை இரவல் வாங்கிச் சமாளித்தாயிற்று. திங்கட்கிழமை சொந்த வண்டியோடு வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். இன்று சனிக்கிழமை.

ஃபோர்மேனிடம் தீர்ப்பு தயாராக இருந்தது. "பழைய ஃபேன் எரிஞ்சப்போ எஞ்சின் நல்லா சூடு வாங்கியிருக்கு. எஞ்சின் ஹெட்டுக்கு அடியில இருக்கிற கேஸ்கெட் போயிருக்கும். ஹெட்டைக் கழட்டித்தான் ஆகணும். பத்து நாள் ஆகும்."

"பத்து நாளா?" என்றார் அப்பா. மகளைப் பார்த்தார்.

மகள் அங்கேதான் வேலை பார்த்தாள். அவர்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள், மெக்கானிக்கல் படித்தவள். ஒர்க்‌ஷாப்பில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'டிகிரி'. டிகிரி, அந்த ஸ்பேனரை எடு. டிகிரி, டீ வந்துச்சா பாரு. ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அண்ணா, கேஸ்கெட் போயிருந்தா நின்னாலும் சூடாகும்ல? ரேடியேட்டர்ல குமிழி வரும்ல? ஒண்ணையும் காணோமே!"

"அப்ப நீ சொல்லு, என்னன்னு. தெர்மோஸ்டாட் மாத்தியாச்சு. தண்ணி பம்ப்பைக் கழட்டிப் பாத்தாச்சு. ரேடியேட்டரைக் கழுவியாச்சு."

"ஃபேன்?"

"ஃபேன் ஓடுது. அதுவும் டிகிரி போட்ட ஃபேன். அதுல என்னத்தப் பாக்கிறது?"

சுருக்கென்றது. போன வாரம் எரிந்துபோன மோட்டாரைக் கழற்றிப் புதிதை மாட்டியது அவள்தான். அதையும் குத்திக்காட்டாமல் விடமாட்டாரா இந்த மனுஷன்? பதிலுக்குச் சுடச்சுட ஒன்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவர், "சாப்பிட்டு வந்து பிரிக்கிறேன்," என்று போய்விட்டார்.

அவள் போனட்டுக்கு முன்னால் நின்றாள். நான்கு நாளாக அப்படித்தான் நிற்கிறாள். படித்தவை எல்லாம் தலைக்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. பம்ப் கோளாறு என்றால் எண்பதில் இறங்கக் கூடாது. ரேடியேட்டர் அடைப்பு என்றால் எண்பதில்தான் ஏற வேண்டும். ஃபேன் கோளாறு என்றால் நிற்கும்போது ஏற வேண்டும். இதுவும் இல்லை, அதுவும் இல்லை என்றால் பிறகு எதுதான்?

"நீ என்னம்மா சொல்ற? பிரிக்கட்டுமா?"

"தெரியலப்பா."

"படிச்ச உனக்கே தெரியலன்னா..."

"படிச்சா எல்லாம் தெரிஞ்சுடுமா? புத்தகத்துல உங்க வண்டி படத்தைப் போட்டு, சனிக்கிழமை மத்தியானம் இது இப்படிப் பண்ணும்னா எழுதியிருக்கான்?"

அப்பா குனிந்து டயரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் அவளுக்குத் தன்மேலேயே இன்னும் ஆத்திரம் வந்தது.

கையில் இருந்த, வேலை விவரம் எழுதிய ஜாப் கார்டை ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற கிரில்லில் சாய்த்துவைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டாள். சூடு ஏறியதும் ஃபேன் 'கிர்ர்' என்று கிளம்பியது. கார்டு துள்ளிக் கீழே விழுந்தது. எடுத்து வைத்தாள். மறுபடியும் விழுந்தது. "சனியனே," என்று அதை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்தில் நின்ற காரின் கிரில்லில் வைத்தாள். அது ஒரு டாக்டரின் கார். ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளே டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடியது; ஃபேனும் ஓடியது.

கார்டு கிரில்லோடு ஒட்டிக்கொண்டது.

பிய்த்து எடுத்தாள். விட்டாள். மறுபடியும் ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து ஓடிவந்து அப்பாவின் காருக்கு முன்னால் பிடித்தாள். காற்று அதை அவள் நெஞ்சுமேல் தள்ளியது.

ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிற ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும். இது எஞ்சினின் அனலை வெளியே ஊதிக்கொண்டிருந்தது. நிற்கும்போது ஏதோ ஒரு காற்றாவது ரேடியேட்டருக்குள் போய்வந்தது. நாற்பதில் போனால் எதிர்க்காற்று உள்ளே தள்ள, ஃபேன் வெளியே தள்ள, இரண்டும் நடுவில் மல்லுக்கட்டி எதுவும் நகரவில்லை. எண்பதில் எதிர்க்காற்று ஜெயித்துவிட்டது. ஃபேன் ஓடுதா என்று ஊரே கேட்டது. எந்தப் பக்கம் வீசுது என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை.

யார் மாட்டியது என்று திட்ட ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள்.

எரிந்த கனெக்டரை வெட்டி ஒயர்களை நேரடியாக இணைத்தது அவள் கை. புது மோட்டாரில் இரண்டுமே கறுப்பு ஒயர். ஒன்றில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு. கல்லூரி லேபில் பார்த்த ஞாபகத்தில் கோடு போட்டது மைனஸ் என்று முடிவுகட்டினாள். பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம்தான் சுற்றும். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் 'இதுகூடத் தெரியாதா டிகிரி?' என்பார்களே.

எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு ஒயரையும் பிரித்து மாற்றி முறுக்கி டேப் சுற்றினாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"என்னம்மா பண்ற?"

"ஒண்ணுமில்லப்பா."

லூஸ் கான்டாக்ட் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் ஃபோர்மேன் என்ன சின்னப் பிள்ளையா? லூஸ் கான்டாக்ட் என்றால் வண்டி நிற்கும்போதுதான் சூடாகும் என்று அவருக்குத் தெரியும். தலையை ஆட்டிவிட்டு ஹெட்டைப் பிரித்துவிடுவார். அப்புறம் திங்கட்கிழமை?

அவர் பல்லைக் குத்திக்கொண்டே ஸ்பேனர் தட்டோடு வந்தார். "தள்ளு, டிகிரி."

"பிரிக்காதீங்கண்ணா. ஃபேன் தலைகீழா சுத்தியிருக்கு."

"எந்த ஃபேன்?"

"நான் போட்டது. ஒயரை மாத்திக் குடுத்துட்டேன்."

"நீ போட்டதா?"

"ஆமா."

"நீயா?"

"ஆமாண்ணா, நானே நானே! எத்தன தடவ சொல்றது?"

ஏதாவது குத்தலாகச் சொல்வார், திருப்பிக் கொடுக்கலாம் என்று காத்திருந்தாள். அவரோ ஒன்றும் விளங்காதவர் மாதிரி விழித்தார். "நீ போட்டதுன்னுதானே நான் அந்தப் பக்கமே போகல," என்றார்.

அதில் கேலியைத் தேடினாள். இல்லை. அப்படியானால் சாப்பிடப் போகுமுன் 'டிகிரி போட்ட ஃபேன்' என்றதிலும் இல்லையா? இத்தனை மாதமாகச் சொன்னதில்? எது கேலி, எது மரியாதை என்று இனி எங்கேயிருந்து பிரிப்பது?

"நானும்தான் முன்னாடி நின்னு பாத்தேன்," என்றார் அவர், தனக்குள் பேசுவது போல. "மூஞ்சில காத்து அடிச்சுது. ஆஹா, என்னமா வேலை செய்யுதுன்னு நெனச்சேன். நான் ஒரு முட்டாள்." ஸ்பேனர் தட்டைக் கீழே வைத்தார். "நாற்பதுல ஒரு சுத்து போயிட்டு வாங்க."

அப்பா ஓட்டினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளையே பார்த்தாள். கடைத்தெருவை மூன்று தடவை சுற்றியும் முள் பாதியைத் தாண்டவில்லை. அப்பா வண்டியை ஓரம் கட்டினார்.

"திங்கக்கிழமை போயிடலாம்," என்றார். பிறகு, "கார் ஸ்டாண்டுல கேப்பானுங்களே, என்ன கோளாறுன்னு?"

"உங்க பொண்ணு ஒயரை மாத்திக் குடுத்துட்டான்னு சொல்லுங்க."

"அப்படிச் சொன்னா ஒருத்தனும் உன்கிட்ட வண்டி விடமாட்டான்." யோசித்தார். "கண்டுபிடிச்சது நீன்னு மட்டும் சொல்றேன். அதுவும் நெஜந்தானே?"

"அப்பா!"

"என்னடா?"

நிஜம்தான். பொய்யும்தான். திட்டுவதா, தோளில் சாய்வதா என்று தெரியவில்லை.

"முழுசா சொல்லுங்கப்பா," என்றாள். அழுகிற குரலா, அதட்டுகிற குரலா என்று அவளுக்கே புரியவில்லை.

"சரி, சரி," என்றார் அப்பா. எந்தச் சரி என்று சொல்லாமலே கியரைப் போட்டார்.