பிரிக்காத பொட்டலம்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து சட்டையைப் பிடிக்க வேண்டாம். நான் தமிழ் நடத்தும் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவர் ஆதிலட்சுமி டீச்சர். போன வருஷம், எண்பத்தெட்டு ஐப்பசியில், அவர் தன் அம்மாவின் கருமாதியை முடித்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். அன்று நல்ல மழை, பிள்ளைகள் பாதிப் பேர் வரவில்லை. ஆசிரியர் அறையில் நாங்கள் இருவர்தான். வழக்கமாக எல்லோரும் சொல்வதைப்போல, “வருத்தப்படாதீங்க டீச்சர்” என்றேன்.

“வருத்தம்லாம் இல்ல சார். எங்கம்மா என்னை ஏமாத்திடுச்சு” என்றார்.

அப்புறம் என்ன, கதை எழுதுகிறவன் காது சும்மா இருக்குமா? முழுவதையும் கேட்டுக்கொண்டேன். எழுதட்டுமா என்றும் கேட்டேன். “எழுதிட்டுக் காட்டுங்க” என்றார்.

2

முதல் தொடக்கம்: ‘உத்திரமேரூர் என்றாலே’

அடித்துவிட்டேன். உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற ஆள் நானில்லை. அதுவும் இந்தக் கதையில் ஒரு குழந்தை கையை நீட்டி இரண்டில் ஒன்றை எடுக்கப் போகிறது. அதையும், குழந்தையை விட்டுக் குடத்திலிருந்து ஓலை எடுத்த கல்வெட்டுச் சேதியையும் முடிச்சுப் போட்டால் நீங்கள் ‘ஆகா’ என்பீர்கள், எனக்கும் ஆசைதான். [வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், எல்லா ஓலையிலயும் ஒரே பேர எழுதிட்டா?” என்று கேட்பதாகவும், டீச்சர் கரும்பலகையைத் துடைப்பதாகவும் ஒரு பக்கம் எழுதினேன். ரொம்பக் கச்சிதமாக இருந்தது. கிழித்துப் போட்டாயிற்று.]

இரண்டாம் தொடக்கம்: ‘கல்லூரியில் என்ன மேஜர் எடுப்பது என்று ஆதிலட்சுமி’

இதுவும் வேண்டாம். எந்தப் படிப்பு என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. குழம்பியவள் அவள் அம்மா. அந்த அம்மாள் பெயர் செல்லம்மாள். இனிமேல் அவள் பின்னாலேயே போவோம்.

மூன்றாம் தொடக்கம்: ‘செல்லம்மாள் ஈரத் தலையோடு பூவரச இலை பறித்துக்கொண்டிருந்தாள்.’

இது நிற்கட்டும்.

3

உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனத்துக்கு அந்தப் பக்கம், மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரை மேலேயே நடந்தால் வருகிற ஊர். செல்லம்மாளின் புருஷன் சடையப்பனுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு கிணறு, ஒரே பெண். பியூசி போய்ப் பிளஸ் டூ வந்த முதல் வருஷம் ஆதிலட்சுமி அதில் தேறினாள். கெமிஸ்ட்ரியில் பள்ளிக்கே அவள்தான் முதல். “நல்ல மார்க்கு எடுத்தா அது கேக்கறத படிக்க வெக்கறேன் சார்” என்று சடையப்பன் தலைமையாசிரியர் முன்னால் வாக்குக் கொடுத்திருந்தார்.

பெண் கேட்டது பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. காஞ்சிபுரத்துக் கல்லூரியில் விசாரித்துவிட்டு வந்தபோது சடையப்பன் முகம் செத்துப்போயிருந்தது. கெமிஸ்ட்ரி என்றால் சாயங்காலம் லேபில் நிற்க வேண்டும். அது முடிந்து பஸ் பிடித்து வந்து இறங்குவதற்குள் இருட்டிவிடும். ஏரிக்கரையில் பெயருக்குக்கூட ஒரு விளக்கு கிடையாது. போய் அழைத்து வரலாமே என்பீர்கள். பம்புசெட்டுக்குக் கரண்ட்டு வருவதே அந்த நேரத்தில்தான், மோட்டார் போட அவரை விட்டால் ஆளில்லை. ஹிஸ்டரி என்றால் மத்தியானமே விட்டுவிடுவார்கள்.

கெமிஸ்ட்ரி வேண்டாம் என்று பெண்ணிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அம்மன் வாயால் சொல்லவைக்கலாம் என்று பார்த்தார்.

அந்த ஊரில் கிணறு வெட்டுவதென்றாலும் பெண் எடுப்பதென்றாலும் செல்லியம்மனிடம் பூக் கேட்காமல் செய்யமாட்டார்கள். ஒரே அளவுப் பூவரச இலை இரண்டு. ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்பு அரளி. உள்ளே இருப்பது தெரியாமல் மடித்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. பொட்டலம் கட்டுவது கேட்கிற வீட்டுப் பெண்மணியின் வேலை. எடுக்காத பொட்டலத்தை மட்டும் யாரும் பிரிக்கக் கூடாது, அப்படியே ஏரியில் போட்டுவிட வேண்டும். உள்ளே என்ன என்று கேட்கவும் கூடாது.

பூக் கேட்பதற்கு முந்தின நாள் சடையப்பன் மாட்டுக் கொட்டகையில் பெண்டாட்டியைப் பிடித்துக்கொண்டார்.

“இந்தாமே, ரெண்டுலயும் செவப்பே வெச்சுடு. காதும் காதும் வெச்சா மாதிரி முடிஞ்சிடும்.”

“அம்மன் கிட்டயாய்யா?”

“எனக்கு மட்டும் ஆசையா? இருட்ல அது ஒண்டியா வரசொல்லோ ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா நீ பதில் சொல்லுவியா?”

செல்லம்மாள் அதற்கு மேல் பேசவில்லை. அவள் பேசாமலிருந்தால் அந்த வீட்டில் அது சம்மதம். கொட்டகைக்கு வெளியே வறட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஆதிலட்சுமி எல்லாவற்றையும் கேட்டாள்.

“எங்கம்மா செய்யாதுன்னுதான் சார் நெனச்சேன்” என்று என்னிடம் சொன்னார். “அந்த தைரியத்துலதான் ராத்திரி தூங்கனேன்.”

4

இதுவரைக்கும் டீச்சர் சொன்னது. இனி இந்தப் பகுதியில் எழுதப்போவதை யாரும் பார்க்கவில்லை, நான் உட்பட.

செல்லம்மாள் ஈரத் தலையோடு பூவரச இலை பறித்துக்கொண்டிருந்தாள். இலையைத் துடைத்தாள். தட்டில் அரளியும் நந்தியாவட்டையும் வேண்டிய மட்டும் இருந்தன. கை முதலில் அரளிக்குத்தான் போனது, புருஷன் சொன்னபடி. அரளியை இலையில் வைத்தவள் பெண்ணின் முகத்தை நினைத்து எடுத்துவிட்டாள். அப்புறம்

[அப்புறம் என்ன செய்தாள்? இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாரம் சுற்றினேன்.]

அப்புறம் இரண்டிலும் நந்தியாவட்டையை வைத்தாள். ஆமாம், அவளுக்கும் திருட்டுப் புத்தி வந்தது. ஒரு நிமிஷம்தான். அம்மனை ஏமாற்றி வாங்கிய படிப்பு பெண்ணுக்கு உருப்படுமா? ஒரு வெள்ளையை எடுத்துவிட்டுச் சிவப்பை வைத்தாள். முறைப்படி ஒன்றில் அது, ஒன்றில் இது. ‘எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சி, வேணாம்னு சொல்றதுக்கு? வெள்ளதான் வரும்’ என்று சொல்லிக்கொண்டே நாரை இறுக்கினாள். அவ்வளவு நம்பிக்கை அவளுக்கு. பாவி, அந்த நம்பிக்கையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

5

பூசாரி வேதகிரி தன் பேத்தி அம்முலுவை முன்னால் நிறுத்தினார். “கெமிஸ்ட்ரி படிக்கலாமா தாயே, கூடாதா?” என்று அவரே அம்மனிடம் கேட்டார். அந்த வார்த்தையை அந்தக் கோயிலில் அதற்குமுன் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். குழந்தை ஒன்றை எடுத்தது. வேதகிரி பிரித்தார்.

சிவப்பு.

சடையப்பன் தலைக்கு மேல் கையைத் தூக்கிக் கும்பிட்டார். செல்லம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். மகள் அம்மன் பக்கம் திரும்பவே இல்லை, அம்மாவை மட்டும் பார்த்தாள். வேதகிரி அடுத்த பொட்டலத்தைக் கொண்டுபோய் ஏரியில் வீசினார்.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் கேட்டாள்.

“அம்மா, இன்னொண்ணுல இன்னா பூ வெச்ச?”

“அத்தக் கேக்கக் கூடாதுடி.”

அதோடு முடிந்தது. ஆதிலட்சுமி அன்றைக்கு அப்புறம் அவளை அம்மா என்று கூப்பிடவே இல்லை. விண்ணப்பத்தில் முதல் விருப்பம் ஹிஸ்டரி என்று சடையப்பன் சொல்லச் சொல்ல எழுதினாள். படித்தாள், பி.எட். முடித்தாள், வேலைக்கும் வந்தாள். அதுதான் நல்ல வேலை கிடைத்ததே, இன்னும் என்ன குறை என்று நானும் கேட்டேன். “கெமிஸ்ட்ரி படிச்சிருந்தா இன்னாவா ஆயிருப்பேன்னு தெரியல சார். அந்தத் தெரியாததுதான் பேஜார்” என்றார்.

6

நேர்மையாகக் கட்டியவள் என்றால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே? நியாயமான கேள்வி. நான் செல்லம்மாளாக இருந்து யோசித்துப் பார்த்தேன்.

‘நான் ஒழுங்காத்தான் கட்டினேன்’ என்று சொன்னால் அதற்கு என்ன பொருள்? அம்மனே உன்னை வேண்டாம் என்றுவிட்டாள் என்று பொருள். அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் எந்தத் தாய் அதைச் சொல்லுவாள்? சாமி கைவிட்டது என்று நினைப்பதைவிட அம்மா ஏமாற்றினாள் என்று நினைக்கட்டும், என்னைத் திட்டித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். ஒரு மாசம் போனால் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பாள். பெண் அழுத்தக்காரி, சரியாகவில்லை. வேலைக்குப் போனபிறகும் பொங்கலுக்கு வருவாள், போட்டதைத் தின்பாள், சடையப்பனோடு மட்டும் “நைனா, நைனா” என்று பேசிவிட்டுப் பஸ் ஏறிவிடுவாள். ஏமாற்றச் சொன்னவரிடம் கோபமில்லை! இது எனக்குப் புரியவேயில்லை, டீச்சரிடமே கேட்டேன். “நைனா அப்படித்தான்னு தெரியும் சார். அம்மா அப்படி இல்லன்னு நெனச்சேன்” என்றார்.

கடைசி நாட்களில் டீச்சர் லீவு போட்டுவிட்டு அம்மாவின் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். செல்லம்மாளுக்கு நினைவு நன்றாக இருந்ததாம்.

“கேட்டீங்களா டீச்சர்?”

“கேக்கல. எங்கம்மாவும் சொல்லல.”

7

இப்போது ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். செல்லம்மாளை நான் பார்த்ததே கிடையாது. மேலே நான்காம் பகுதி முழுக்க என் கற்பனை. புருஷன் சொன்னதைத் தட்டாமல் இரண்டிலும் அரளியைத் திணித்துவிட்டு வந்த சாதாரண மனுஷியாகவும் அவள் இருந்திருக்கலாம். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த ஏரிக்கரை இருட்டில் அவளும் நடந்தவள்தானே? பயம் சடையப்பனுக்கு மட்டும் சொந்தமா?

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

வேதகிரி ஏரியில் வீசுமுன் திருட்டுத்தனமாகப் பிரித்துப் பார்த்ததாக ஒன்று. நிஜத்தில் அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாயிற்று. கதைக்காகக் கிழவரை எழுப்பி உட்காரவைத்துச் சாட்சி கேட்கலாம், பெரிய காரியமில்லை. ஆனால் அவர் அப்படிப்பட்ட பூசாரி இல்லை.

பொட்டலம் கரை ஒதுங்கி, இலை பிரிந்து,

சீ.

கடைசியில் ஐந்தாம் பகுதியில் ஒரு வரியைச் சேர்த்தேன்: ‘ஏரியில் விழுந்த பொட்டலத்தில் இருந்தது வெள்ளைப் பூ.’ எழுதியதும் எனக்கே நெஞ்சு நிறைந்துபோயிற்று. செத்துப்போனவள் மேல் இருந்த பழியைத் துடைத்துவிட்டேன் என்று மிதப்பு. டீச்சரும் சந்தோஷப்படுவார் என்று நினைத்து எடுத்துக்கொண்டு போனேன். எழுத்தாளனுக்குப் புத்தி இருந்தால்தானே?

8

டீச்சர் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து படித்தார். ஆறாம் பகுதியை இரண்டு தடவை படித்தார். முன்பக்கம் திருப்பி அந்த வெள்ளைப் பூ வரியில் விரலை வைத்துக்கொண்டார்.

“இத்த மாத்துங்க சார்.”

“ஏன் டீச்சர்? உங்க அம்மா நல்லவங்கன்னுதானே எழுதியிருக்கேன்?”

“செவப்புன்னு எழுதுங்க.” விரல் அந்த வரியிலேயே இருந்தது. “செவப்புன்னா எங்கம்மா ஏமாத்திச்சி, நான் பேசல, அது போய்ட்ச்சி. முடிஞ்சிது. வெள்ளைன்னா? எட்டு வருஷம் சார். சாவ கெடக்கசொல்லோகூட அம்மான்னு ஒரு வார்த்த கூப்புடல. கண்ணத் தொறந்து என்னையே பாத்துக்கினு இருந்துச்சி. வெள்ளைன்னா நான் இப்ப எங்க போயி நிப்பேன்?”

மணி அடித்தது. சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அந்த வரியில் ‘வெள்ளை’யை அடித்தேன். ‘சிவப்பு’ என்று எழுதினேன். செல்லம்மாளுக்குப் பரிந்து பேச இந்த உலகத்தில் நான் ஒருத்தன்தான் மிச்சம், நானும் காட்டிக்கொடுத்தால் எப்படி என்று அதையும் அடித்தேன். தாள் பொத்தலானதுதான் மிச்சம். பிறகு வரியையே ஐந்தாம் பகுதியிலிருந்து உருவி இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறேன்:

ஏரியில் விழுந்த பொட்டலத்தில் இருந்தது …………… பூ.

என்னால் ஆகவில்லை. நீங்கள் நிரப்புங்கள். இரண்டே நிறம்தான், கஷ்டமில்லை. நிரப்பியதும் டீச்சரிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் படித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருங்கள்.