திட்டக்குடிக்கு ஒரு மூடி

விருத்தாசலத்தின் வரலாறு இனிமேல் இரண்டு பாகம்: அச்சுதனின் கடிதங்கள் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் சேர்வதற்கு முன், சேர்ந்த பின். இந்தப் பேரறிவிப்பை ஒரு செவ்வாய்க்கிழமை காலை வெளியிட்டவர் சாட்சாத் அச்சுதனேதான். திரண்டிருந்த மக்கள் கூட்டம், அவர் மனைவி தர்மாம்பாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அப்ப அந்த ரெண்டு பீரோவும் காலியாவுமா?" என்றார் தர்மாம்பாள்.

அச்சுதன் பீங்கான் சூளை வைத்திருந்தவர். ஜாடி, கப்பு, கொலு பொம்மை எல்லாம் செய்தார். செய்ததைவிட, அவற்றைப் பற்றிக் கடிதம் எழுதியதுதான் அதிகம். களிமண்ணின் எதிர்காலம் குறித்துப் பிரதமர்களுக்கு எழுதினார், முதலமைச்சர்களுக்கு எழுதினார், ரயில்வே வாரியத்துக்கு எழுதினார். ஒரு தடவை ஐ.நா. சபையையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கார்பன் நகல் பத்திரமாக இருந்தது. பதில்தான் ஒன்றுக்கும் இல்லை.

காப்பகத்திலிருந்து வந்திருந்த மைத்ரேயி பொறுமைசாலி. மத்தியானம் வரை படித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"சார், சிறுதொழில் கடிதங்கள்னு ஒரு பிரிவு தொடங்கியிருக்கோம். ஆனா ரெண்டு பக்கமும் இருக்கணும். எழுதினவரு, படிச்சுப் பதில் போட்டவரு. ஒரே பக்கம்னா அது..." சங்கடப்பட்டார். "டைரி சார்."

ஐ.நா. சபைக்கே எழுதியவரை டைரி எழுதியவர் என்றால் எப்படி இருக்கும்? அச்சுதன் நாற்காலியில் அப்படியே அமுங்கினார். எழுபது வயதைத் தாண்டியாகிவிட்டது. தாம் போனபிறகு அந்த பீரோக்கள் நேரே பழைய பேப்பர்காரனிடம் போகும் என்பது அவருக்குத் தெரியும். அதைத் தடுக்க இருந்த ஒரே வழி, இதோ எதிரில் உட்கார்ந்து பையை மூடிக்கொண்டிருந்தது.

"ஏங்க," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது, "அந்தத் திட்டக்குடிக்காரரு கார்டெல்லாம் இருக்குதே, அதக் காட்டுங்களேன்."

"அது கடிதமில்ல. அவமானம்."

அந்த அவமானத்துக்குத் தனி ஃபைல் இருந்தது. மேலே 'மானநஷ்ட வழக்கு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். கார்டுகளைப் படித்த வக்கீல் விழுந்து விழுந்து சிரித்ததால் வழக்கு கைவிடப்பட்டது.

விஷயம் இவ்வளவுதான். ஒரு காலத்தில், திட்டக்குடிப் பக்கத்து விவசாயி சாமிதுரை இவர் சூளையில் பெரிய ஊறுகாய் ஜாடி ஒன்று வாங்கினார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மூடி உட்காரவில்லை. மாற்றித் தரும்படி கார்டு போட்டார். அச்சுதன் பதினொரு பக்கத்துக்குப் பதில் எழுதினார்: சூளையில் வேகும் மண் ஏன் சுருங்குகிறது, எவ்வளவு சுருங்கும் என்பதைத் தாம் கண்டுபிடித்த சூத்திரம் எப்படி முன்கூட்டியே சொல்லிவிடும் என்றெல்லாம். அடுத்த வாரம் கார்டு வந்தது.

"ஐயா, சுருக்கம் நன்றாகப் புரிந்தது. மூடி எப்போது வரும்?"

புரிந்தது என்று ஒரு மனிதர் சொல்லிவிட்டார். போதாதா? அன்றிலிருந்து பிரதமருக்கே எழுதினாலும் அதில் ஒரு பிரதி சாமிதுரைக்குப் போனது. தவறாமல் பதிலும் வந்தது. "ஐ.நா. கடிதம் அருமை. அவர்களாவது மூடி அனுப்புவார்களா?"

மைத்ரேயி ஃபைலை முடித்தபோது, சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது. "சார், இதுதான் கடிதம். ஆனா ஒங்க நகல் போதாது. நீங்க அனுப்பின அசலெல்லாம் அவருகிட்ட இருந்தா, முழுசா எடுத்துக்கறோம்."

இருந்தால். அடுத்த நாளே அச்சுதன் திட்டக்குடி பஸ்ஸில் ஏறினார். வரலாற்றுச் சிறப்புமிக்க அந்தப் பயணத்தில் அவருக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.

கதவைத் திறந்த சாமிதுரை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். வெறுங்கை.

"விருத்தாசலம் சூளைக்காரருதான? மூடி கொண்டாரலீங்களா?"

பஸ்ஸில் நின்றபடியே ஒத்திகை பார்த்த பேச்சு எங்கே போயிற்றோ தெரியவில்லை. "என் கடுதாசியெல்லாம்... எரிச்சுட்டீங்களா?" என்றார் அச்சுதன்.

"உள்ள வாங்க."

அறை மூலையில் அதே ஜாடி. வாயில் ஒரு எவர்சில்வர் தட்டு கவிழ்த்திருந்தது. சாமிதுரை தட்டை எடுத்தார். கழுத்து வரை கடிதங்கள்.

"மூடியில்லாம ஊறுகா போட்டா பூசணம் புடிச்சிருது. ஒங்க கடுதாசிக்கு அந்தக் கொறையில்ல. கெட்டியான சரக்கு."

"எல்லாத்தையும் படிச்சீங்களா?"

"படிக்காமயா கார்டு போட்டேன்? எங்க வீட்டுக்காரி மாரியம்மாளுக்கு எழுத்து தெரியாது. சாயங்காலமானா நான் படிக்கணும், அவ சிரிக்கணும். கடேசில ஆஸ்பத்திரியில கெடந்தப்பகூட, 'சூளைக்காரரு என்னா எழுதியிருக்காரு'ன்னுதான் கேப்பா. அவ வலியெல்லாம் மறந்து சிரிச்சது அதுக்குத்தாங்க." மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நன்றி சொல்லி ஒரு கார்டு போடணும்னு நெனச்சேன். மூடி கேட்டே பழகிட்டனா, வேற எப்பிடி எழுதறதுன்னு தெரியல."

எந்தப் பிரதமரும் உறை பிரித்திருக்க மாட்டார். எந்த வாரியமும் படித்திருக்காது. ஆனால் திட்டக்குடிப் பக்கத்தில் ஒரு வீடு அவருடைய தபாலுக்காகக் காத்திருந்திருக்கிறது. அதுவும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு. அவர்கள் சிரித்திருக்கிறார்கள் என்பதில் அச்சுதனுக்கு இம்மியும் வருத்தமில்லை. வருத்தமில்லையே என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ரொம்ப நன்றிங்க," என்றார். அவர் வாழ்நாளில் வெளியிட்ட மிகச் சிறிய அறிக்கை அது.

"நன்றி கெடக்கட்டும். எல்லாத்தையும் எடுத்துக்குங்க. ஆனா ஜாடி காலியாயிடும் பாருங்க..."

அச்சுதன் ஒரு நூலை வாங்கி ஜாடியின் வாயை அளந்துகொண்டார்.

ஊர் திரும்பியதும், தம் பழைய சூளையை இப்போது நடத்தும் திலீபனிடம் கெஞ்சி இடம் பிடித்தார். நூல் அளவை அந்தச் சூத்திரத்தில் போட்டு, மண் எவ்வளவு சுருங்கும் என்று கணக்கிட்டு, தம் கையாலேயே மூடி செய்து, நீலம் பூசி வேகவைத்தார். சூளைக்குள் வைக்கும்போது கும்பிட்டார்கூட.

கடிதங்களை எடுக்க மைத்ரேயி சாமிதுரை வீட்டுக்கு வந்த அன்று, அச்சுதனும் தர்மாம்பாளும் போயிருந்தார்கள். கடிதங்களும் கார்டுகளும் தேதிவாரியாகப் பெட்டிக்குள் போயின.

"சார், என்ன பேரு போடட்டும்? அச்சுதன் கடிதங்கள்னா?"

"சாமிதுரை, அச்சுதன்னு போடுங்க," என்றார் அச்சுதன். "அவரு பேரு முன்னாடி வரட்டும்."

தர்மாம்பாள் கணவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். காய்ச்சல் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

அச்சுதன் துண்டைப் பிரித்து மூடியை எடுத்தார். நீலம் பளபளத்தது. சாமிதுரை எழுந்து நின்றார். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"ரொம்ப லேட்டாயிடுச்சு. மன்னிக்கணும்," என்று சொல்லி, இரண்டு கையாலும் மூடியை ஜாடியின் வாயில் வைத்தார்.

மூடி ஜாடிக்குள் விழுந்தது.