பதினாலாம் எண்ணின் ரத்தம்

மருமகள் கொண்டுவந்து வைத்த தண்ணீரை மாமனார் ஜன்னலோரப் பூந்தொட்டியில் ஊற்றிவிட்டு, டம்ளரை விரல் நுனியால் தள்ளினார். "தாகமில்லே" என்றார், செடியைப் பார்த்து. அடுத்த நிமிஷமே மாமியார் அதே குழாயில் பிடித்துக் கொடுத்த தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார்.

மருமகள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். காதலித்துக் கட்டிக்கொண்டு, வேறு சாதியிலிருந்து வந்தவள். அவள் சமைத்ததை மாமனார் தொடமாட்டார் என்பதால் இரண்டு வருஷமாக அந்த வீட்டில் இரண்டு அடுப்பு. ஒன்றில் மாமியார் கணவருக்கு மட்டும் உப்புச் சப்பில்லாமல் ஆக்குவாள். மற்றதில் மருமகள் மிளகைத் தூக்கலாகப் போட்டு உருளைக்கிழங்கு வறுத்தால் தெருமுனை வரை மணக்கும். மறுநாள் காலையில் அவள் சட்டியில் பாதி குறைந்திருக்கும். "பூனை" என்பார் மாமனார். உருளைக்கிழங்கு தின்னும் பூனையை யாரும் பார்த்ததில்லை.

மருமகள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் இருந்தது ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில். ஒரு வேரின் சாற்றிலிருந்து மூட்டுவலிக்கு மாத்திரை செய்துகொண்டிருந்தார்கள். சாறு என்னவோ நல்ல சாறுதான். ரத்தத்தில் ஏறத்தான் மாட்டேன் என்றது. விழுங்கியதில் முக்கால்வாசி வந்த வழியே போய்விடும். அதைக் கொழுப்பில் பொதிந்து கொடுத்தால் ஏறுமா என்று பார்க்க, இருபது பேருக்கு மாத்திரை கொடுத்து ரத்தம் எடுத்திருந்தார்கள். பாதிப் பேருக்குப் பொதிந்தது, பாதிப் பேருக்கு வெறும் சாறு. ஆட்களின் பெயர் அவளுக்குத் தெரியாது. குப்பியில் எண் மட்டும் இருக்கும்.

அன்று பதினாலாம் எண் அவளைத் திணறடித்தது. வெறும் சாறு விழுங்கிய ஆள். மற்றவர்களைவிட மூன்று மடங்கு மருந்து ரத்தத்தில் நின்றது. இயந்திரத்தை இரண்டு தடவை கழுவி ஓட்டிப் பார்த்தாள். திரையில் மருந்தின் கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு எழும்பியது. மிளகு! மிளகு வயிற்றில் இருந்தால் இந்த மாதிரி மருந்தைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிடும். அதனால்தான் இரண்டு நாள் மிளகு கூடாது, வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று எழுதி வாங்கியிருந்தார்கள்.

ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் பதினாலாம் எண்ணைக் கூப்பிட்டனுப்பினார். மெல்லிய பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் மருமகள் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க மிளகு சாப்பிட்டீங்களா ஐயா?"

"சே சே! எங்க வீட்டுல என் சம்சாரம் மிளகே சேர்க்கமாட்டா."

குரலைக் கேட்டதும் மருமகள் அடுக்குவதை நிறுத்தினாள். மாமனாரின் குரல்.

"ரத்தம் பொய் சொல்லாதுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. பிறகு தொண்டையைக் கனைக்கும் ஓசை. "ரத்தம் கொடுத்த அன்னைக்கு விடியக்காலம்... மருமக சட்டியிலேருந்து ரெண்டு வாய். ரெண்டே ரெண்டு. இலவசமா உடம்பைச் சோதிப்பாங்கன்னுதான் இங்க வந்தேன், இப்படி மாட்டுவேன்னு தெரியாது. டாக்டர், ஒரு சந்தேகம். அது அவ சமைச்சதுன்னு ரத்தத்துல தெரியுமா?"

"மிளகு தெரியும் ஐயா. சமைச்ச கை தெரியாது."

"அப்பாடா!" என்றார் மாமனார்.

அந்த 'அப்பாடா'தான் அவளைச் சுட்டது. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

வீட்டில் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்று சாயங்காலமே வறுத்ததில் ஒரு பங்கை மூடி போட்ட கிண்ணத்தில் எடுத்து, 'மாமாவுக்கு' என்று சீட்டு ஒட்டிச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தாள்.

மாமனார் சீட்டைப் படித்தார். முகம் சுருங்கியது. "எனக்கெதுக்கு இதெல்லாம்? எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றார் மனைவியிடம். திருடித் தின்றால் ஒட்டாத சாதி, கொடுத்து வாங்கினால் ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது.

மாமியார் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, மூடியைத் திறந்து, ஒரு துண்டை வாயில் போட்டாள். இன்னொன்று. கண்ணில் நீர் வர மென்றுகொண்டே சொன்னாள்: "பூனை மேல பழி போட்டா எனக்குத் தெரியாதா? தினமும் உங்க மீசையைத் தொடைக்கிறது நீங்கதான், மிளகுக் கறை படிஞ்ச தலையணை உறையைத் துவைக்கிறது நான். ரெண்டு அடுப்புல வெந்தது போதும். நாளையிலேருந்து என் அடுப்பு கிடையாது."

கிண்ணம் காலியாகிக்கொண்டே வந்தது. மாமனார் எச்சில் விழுங்கினார்.

"எனக்கு?"

"என்னை ஏன் கேக்கறீங்க? சமைச்சவளைக் கேளுங்க."

அவர் மருமகள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். அவளை எப்படிக் கூப்பிடுவது? இரண்டு வருஷத்தில் ஒரு சொல்லும் பழகி வைக்கவில்லை. "இந்தா" என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "மருமகளே... கொஞ்சம் போடும்மா" என்றார்.

"சட்டியில இருக்கு மாமா" என்றாள் அவள், உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல். "தட்டை எடுத்துக்கிட்டு வாங்க."

மாமனார் சமையலறைக்குள் போனார். ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. முப்பது வருஷமாக அந்த வீட்டில் சாப்பிட்டவருக்குத் தட்டு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.