மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு கார்

மிளகாய் வத்தல் மண்டி துரைப்பாண்டியின் காரில் ஆல்ட்டர்னேட்டர் இருந்தது. சங்கரன்கோவிலில் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த மற்றக் கார்களில் எல்லாம் டைனமோதான். மதுரையில் ஒரு டாக்டர் பல வருஷம் ஓட்டிவிட்டு விற்ற அம்பாசடர் அது. அந்த டாக்டர் என்ன நினைத்தாரோ, டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்ட்டர்னேட்டரை மாட்டியிருந்தார். அது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற சாமான் என்பதற்கு மேல் துரைப்பாண்டிக்கு ஒன்றும் தெரியாது. அந்தச் சொல்லை நாக்கு இடறாமல் சொல்லப் பழகுவதற்கே அவருக்கு ஒரு மாதம் பிடித்தது. பழகிய பிறகு, மண்டிக்கு மூட்டை கொண்டுவரும் பனவடலிசத்திரத்து விவசாயச் சம்சாரிகளிடம்கூட வத்தல் விலையைச் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் சொன்னார்.

வெள்ளத்துரை அவருடைய மச்சான். மனைவி முப்பிடாதியம்மாளின் அண்ணன். வாசுதேவநல்லூரில் ரைஸ்மில்லும் ஒரு ஜீப்பும் வைத்திருந்தார். அவர் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் பேசலாமா என்று நிச்சயதாம்பூலத்தன்று யாரோ கேட்டார்கள். வெள்ளத்துரை, ஜீப் இருக்கிறதே என்றார். ஜீப்பில் ஏற்றினால் மாப்பிள்ளை எலெக்சனுக்கு ஓட்டுக் கேட்க வந்தவன் மாதிரி இருப்பான் என்று துரைப்பாண்டி சபையிலேயே சொல்லிவிட்டார்.

"என் கார் எதுக்கு இருக்கு மச்சான்? ஆல்ட்டர்னேட்டர் வச்ச வண்டி."

மாப்பிள்ளை வீட்டார் அது என்ன விசேஷம் என்று புரியாமலேயே மரியாதையாகத் தலையாட்டினார்கள். வெள்ளத்துரையின் முகம் சுருங்கிப்போனது. துரைப்பாண்டி அன்றைக்கு இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஸ்டியரிங்குக்கு முன்னால் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. அழகாகத்தான் இருக்கிறது என்று அவர் விட்டுவிட்டார். மறுநாள் ஹாரன் சளி பிடித்த தொண்டை மாதிரி கரகரத்தது. அதற்கு மறுநாள் வண்டி கிளம்பவே இல்லை.

புளியங்குடி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த கடையநல்லூர் அப்துல் ஜப்பாரை வீட்டுக்கே வரவழைத்தார். எந்த வண்டியைப் பார்த்தாலும் ஜப்பார் துஷ்டி வீட்டில் துக்கம் கேட்க வந்தவர் போலத்தான் முகத்தை வைத்துக்கொள்வார். பானெட்டைத் திறந்து வெகு நேரம் பார்த்துவிட்டு, ஆல்ட்டர்னேட்டரின் செப்புக் கம்பிச் சுற்று எரிந்துபோய்விட்டது, ராஜபாளையத்துக்கு அனுப்பிப் புதிதாகச் சுற்றி வாங்க வேண்டும், அதுவரை வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கட்டும் என்றார்.

வண்டி நிற்பது பெரிய காரியமில்லை. ஆனால் அந்த ரோட்டில்தான் வெள்ளத்துரையின் ஜீப் தினமும் போய் வரும். நிச்சயதாம்பூலத்தில் அப்படிப் பேசிவிட்டு, அந்தக் கார் வாயைப் பிளந்துகொண்டு ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்பதை மச்சான் பார்ப்பதா? யோசித்துச் சொல்கிறேன் என்று ஜப்பாரை அனுப்பிவிட்டார். வீட்டிலேயே, யாருக்கும் தெரியாமல், தன் கையாலேயே சரிசெய்துவிடுவது என்று முடிவு செய்தார்.

அவருக்கு முன்னனுபவம் இல்லாமல் இல்லை. மண்டி டேபிள் ஃபேனை ஒருமுறை கழற்றிப் பூட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு அது பின்பக்கமாகக் காற்றடித்தது. கணக்கப்பிள்ளை தன் மேசையை ஃபேனுக்குப் பின்னால் மாற்றிப் போட்டுக்கொண்டார். துரைப்பாண்டி கணக்கில் ஃபேன் சரியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டைச் சாத்தி, கம்பிகளுக்குக் குறுக்கே ஒரு தார்ப்பாயைக் கட்டித் தொங்கவிட்டார். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட்டார். வேலைக்கு முன்னால் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. முதல் நட்டில் ஸ்பானரைக் கொடுத்துத் திருப்பியதும் அதன் வால் பக்கத்துத் தகட்டில் பட்டது. படபடவென்று தீப்பொறி பறந்தது, ஸ்பானர் அங்கேயே ஒட்டிக்கொண்டு பழுத்தது, பக்கத்திலிருந்த ரெகுலேட்டர் டப்பா புகைந்து கருகியது. செத்துக் கிடந்த பேட்டரியை முந்தின நாள்தான் ரேடியோ கடையில் கொடுத்துச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தார். அவர் போட்ட சத்தத்தில், யாருக்கும் தெரியக்கூடாத அந்தக் காரியம் தெரு முழுக்கத் தெரிந்துபோனது.

முதலில் சுவரேறிக் குதித்தவர் பக்கத்து வீட்டுச் சங்கரசுப்பிரமணியன். போஸ்ட் ஆபீஸ் குமாஸ்தா. தபால் மூலம் ரேடியோ மெக்கானிசம் பாதி படித்தவர்; மீதிப் பாதி தபாலில் தவறிவிட்டது. அவர் வந்தபின் வேலை வேகம் பிடித்தது. ஆல்ட்டர்னேட்டரை இறக்கி, இரண்டாகப் பிளந்து, உள்ளே இருந்ததையெல்லாம் முப்பிடாதியம்மாள் அரிசி புடைக்கும் சுளகில் பரப்பினார்கள். செப்புக் கம்பி கரிக்கட்டையாக இருந்தது.

"இது கறுத்திருக்கே வே?" என்றார் துரைப்பாண்டி.

"கறுத்தாத்தான் அண்ணாச்சி நல்லது. அந்தக் காலத்து இரும்புச் சட்டி மாதிரி. உள்ள போன தூசிதான் கோளாறு" என்றார் சங்கரசுப்பிரமணியன்.

தூசியை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார்கள். திரும்பப் பூட்டும்போது ஒரு ஸ்பிரிங் தெறித்துப் பறந்தது. வீட்டைக் கூட்டிப் பெருக்கியும் அகப்படவில்லை. எல்லாம் பூட்டி முடித்த பிறகும் சுளகில் இரண்டு ஸ்குரூவும் ஒரு வாஷரும் மிச்சம் கிடந்தன. செய்தவன் தாராளமாகப் போட்டிருக்கிறான் என்று சங்கரசுப்பிரமணியன் அவற்றைத் தன் பையில் போட்டுக்கொண்டார். தெருவே சேர்ந்து தள்ளியதில் வண்டி கிளம்பியது. சிவப்பு விளக்கு முன்னைவிடப் பிரகாசமாக எரிந்தது.

இதை வெளியில் சொல்ல வேண்டாம் என்று துரைப்பாண்டி கேட்டுக்கொண்டார். சங்கரசுப்பிரமணியனும் மறுநாள் கார்டு, கவர் வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் இதை வெளியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இரண்டே நாளில் விஷயம் பழுத்து வேறு நிறமாகிவிட்டது. மண்டிக்காரர் மெக்கானிக்குக்குக் கூலி கொடுக்க வழியில்லாமல் தானே காருக்கடியில் கிடக்கிறாராம், காரைத் துண்டு துண்டாக விற்கிறாராம், மண்டி நொடித்துப்போச்சாம். பனவடலிசத்திரத்து வண்டிகள் அவர் வாசலைத் தாண்டிப் போய் எதிர் மண்டியில் மூட்டையை இறக்கின. ஒரு சம்சாரி மட்டும் உள்ளே வந்து, கொஞ்ச நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். துரைப்பாண்டிக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

அன்று சாயங்காலமே வெள்ளத்துரை ஜீப்பில் வந்து இறங்கினார். தங்கச்சியிடம் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, குரலை ரொம்ப இரக்கமாக வைத்துக்கொண்டு பேசினார்.

"கஷ்டம்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா மாப்ள? அழைப்புக்கு நான் புளியங்குடில வாடகைக் கார் பேசிட்டேன். நீரு மனசை விட்டுராதீரு."

அந்த இரக்கத்தைத் துரைப்பாண்டியால் தாங்க முடியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார்.

"யாருக்குக் கஷ்டம்? பழசைக் கழத்திப் போட்டுட்டு ஜப்பான் ஆல்ட்டர்னேட்டர் மாட்டப் போறேன். துபாய்ல இருந்து வருது. வாடகைக் காரை வேண்டாம்னு சொல்லிரும்."

சொல்லி முடித்த பிறகுதான், துபாயில் தனக்கு யாரையும் தெரியாது என்பது அவருக்கு நினைவு வந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கடையநல்லூர் போனார். சவூதி, துபாய் போய்வந்தவர்கள் வீடுகளில் விசாரித்துக்கொண்டே போய், முகம்மது இஸ்மாயில் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இஸ்மாயில் துபாயில் கார்களை உடைத்துப் பிரிக்கிற இடத்தில் வேலை பார்த்தவர். அவர் வீட்டில் கேட்டால் கிடைக்காத சாமான் இல்லை. ஜப்பான் கார் ஆல்ட்டர்னேட்டரும் இருந்தது. கரண்ட் போகும்போது அதைக் கையால் சுற்றி லைட் எரிக்கலாம் என்று கொண்டுவந்தாராம். சுற்றுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. இரண்டு மூட்டை நயம் வத்தலுக்குப் பேச்சு முடிந்தது. எடுத்துக் கொடுக்கும்போது அவர் ஒன்று சொன்னார்.

"இதுக்கு ரெகுலேட்டர்னு தனியா ஒண்ணு உண்டு அண்ணாச்சி. அது அங்கனயே தங்கிட்டு. அது இல்லாம மாட்டிராதிய. கரண்ட் அளவில்லாம வரும்."

அளவில்லாமல் வரும் என்பது மட்டும் துரைப்பாண்டியின் காதில் விழுந்தது. மனம் குளிர்ந்து ஊர் திரும்பினார்.

அது அம்பாசடரில் உட்காரவில்லை. மாட்டுவண்டிப் பட்டறையில் இரும்புப் பட்டை அடித்து இறுக்கினார்கள். பெல்ட் எட்டவில்லை; மாவுமில்லில் ஒன்று கேட்டு வாங்கினார்கள். ரெகுலேட்டர் கருகிவிட்டதே என்ற கேள்விக்கு, அது கரண்டை அடக்கி வைக்கிற சாமான்தான், நமக்கு எதற்கு அடக்கம் என்று சங்கரசுப்பிரமணியன் ஒயரை நேராகவே கொடுத்துவிட்டார். இஞ்சினை முடுக்கினார்கள். சிவப்பு விளக்கு அணைந்தது. அணைந்த விளக்கைத் துரைப்பாண்டி கண் கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ரதவீதி நான்கையும் ஹாரன் அடித்துக்கொண்டே சுற்றி வந்தார். ஜப்பான் சாமான் என்ற பேச்சு காருக்கு முன்னால் போனது. நொடித்தவன் வெளிநாட்டிலிருந்து சாமான் தருவிப்பானா? எதிர் மண்டிக்குப் போன வண்டிகள் அசடு வழியத் திரும்பி வந்தன. வெள்ளத்துரையும் வாடகைக் காரை வேண்டாமென்று சொல்லி அனுப்பினார்.

மாப்பிள்ளை அழைப்பு, பொழுது சாய்ந்ததும் வாசுதேவநல்லூர்ப் பிள்ளையார் கோவிலிலிருந்து புறப்பட்டது. காரெங்கும் பூச்சரம், மேலே வரிசையாகச் சின்னப் பல்புகள். பின்சீட்டில் கழுத்து மறைய மாலையோடு மாப்பிள்ளை, அவருக்கு இந்தப் பக்கம் அத்தை, அந்தப் பக்கம் சித்தப்பா. ஸ்டியரிங்கில் துரைப்பாண்டி. விளக்கைப் போட்டதும் கூட்டம் கண்ணை மறைத்துக்கொண்டது. அப்படி ஒரு வெளிச்சத்தை அந்தத் தெரு கண்டதில்லை. முன்னால் போன நாகஸ்வரக்காரர் காரைப் பார்த்துத் திரும்பி நின்றார்; கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் அவரால் வாசிக்க முடிந்தது. ராகத்தில் லயித்துவிட்டார் என்று பெரியவர்கள் மெச்சினார்கள்.

ஊர்வலம் நின்று நின்று போனது. நிற்கும்போது வெளிச்சம் கொஞ்சம் இறங்குவதைத் துரைப்பாண்டி கண்டுகொண்டார். வெள்ளத்துரை பக்கத்திலேயே நடந்து வருகிறார், வெளிச்சத்தை இறங்க விடலாமா? ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். ஒரு ஹெட்லைட் டப்பென்று வெடித்தது. அதைத் தொடர்ந்து மேலே இருந்த பல்புகள் வரிசையாகப் படபடத்து வெடித்தன. காரிலேயே வெடிக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று கூட்டம் கை தட்டியது. தட்டலைக் கேட்டு அவர் இன்னும் அழுத்தினார்.

அப்போது காருக்குள் அழுகின முட்டை நாற்றம் பரவியது. பேட்டரி கொதிக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். சம்பந்தி வீட்டுக் காரில் அதையெல்லாம் கேட்க முடியாது. பானெட்டிலிருந்து புகை வந்த பிறகுதான் மாப்பிள்ளை மாலையோடு கதவைத் திறந்து குதித்தார். மேளக்காரர்களை முந்திக்கொண்டு அவர் ஒருவராகவே மண்டபத்துக்குள் ஓடினார். ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள், பையனுக்கு இவ்வளவு ஆசையா என்று சிரித்தார்கள்.

மறுநாள் முகூர்த்தம் குறையில்லாமல் நடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு ஊருக்குத் திரும்ப வண்டியை எடுத்தால், அதில் உயிரில்லை. வெள்ளத்துரை மில் ஆட்களைத் தள்ள அனுப்பினார். முப்பிடாதியம்மாள் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"நான் பஸ்ஸுல போறேன். நீங்க ஆல்ட்டர்னேட்டர்ல வாங்க."

துரைப்பாண்டி பட்டு வேட்டியோடு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். ஆட்கள் தள்ளினார்கள். ஏன் நின்றுபோனது என்று ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்.

"சாமான்ல ஒரு குத்தமும் இல்ல. அது குடுக்கத்தான் செய்யுது. நம்ம ஊரு பேட்டரிக்கு வாங்கிக்கிடத் திராணி இல்ல" என்று தலையை வெளியே நீட்டிச் சொன்னார்.

தள்ளிக்கொண்டிருந்தவன் சற்று யோசித்தான். தன் முதலாளி வெள்ளத்துரையின் ஜீப்புக்கும் அப்படி ஒன்று வாங்கித் தர முடியுமா என்று கேட்டான். நேற்றே அவர் யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தாராம். பார்க்கலாம், லேசில் கிடைக்கிற சாமான் இல்லை என்றார் துரைப்பாண்டி.

குளத்துக்கரை இறக்கம் வந்ததும் கார் தானாகவே உருண்டது. தள்ளியவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். பின்னாலிருந்து சங்கரன்கோவில் பஸ் கடந்து போனது. ஜன்னலோரத்தில் இருந்த முப்பிடாதியம்மாளைப் பார்த்து அவர் கம்பீரமாகக் கையை உயர்த்தினார். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.