மனவருத்தம் என்று எழுதச் சொன்னவள்

பாலியல் தொல்லைகளை விசாரிக்க அந்தக் கல்லூரியில் இருந்த உள் புகார்க் குழுவுக்கு ஆறு வருடத்தில் வந்த முதல் புகார் ஜக்கம்மாளுடையதுதான். அதற்கு முன்பெல்லாம் குழு வருடத்துக்கு ஒருமுறை கூடும். டீயும் சமோசாவும் வரும். ‘இவ்வாண்டு புகார் ஏதும் பெறப்படவில்லை’ என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார்கள். குழுவில் ஒருத்தியான அல்போன்சாவுக்கு அந்த வரியைப் படிக்கையில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

அல்போன்சா வேதியியல் துறையில் பத்தொன்பது வருடமாகப் பாடம் எடுக்கிறாள். அதட்டிப் பேசத் தெரியாதவள். மாணவிகள் வயிற்றுவலியிலிருந்து வீட்டில் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வரைக்கும் அவளிடம்தான் வந்து சொல்வார்கள். ஜக்கம்மாளும் அப்படித்தான் வந்தாள், பிப்ரவரி மாதத்து மதியச் சாப்பாட்டு நேரத்தில், துப்பட்டாவுக்குள் ஒரு கடிதத்தை மறைத்துக்கொண்டு.

அவள் விலங்கியல் முதுகலை இரண்டாம் வருடம். குஜிலியம்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். தகப்பன் இல்லை. அம்மா கருப்பம்மாள் வானம் பார்த்த பூமியில் சோளமும் கடலையும் போட்டு, மழை ஏமாற்றிய வருடங்களில் நூறு நாள் வேலைக்குப் போய் அவளைப் படிக்கவைத்தாள்.

கடிதம் ஒன்றரைப் பக்கம் இருந்தது. துறைத்தலைவர் குணசீலன் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வரச் சொல்லி, பாடம் செய்த உயிரினங்களை வைக்கும், ஆய்வகத்தை ஒட்டிய மாதிரிகள் அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார். உள்ளே போனதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். ‘என்னைப் பலவந்தமாகப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார், உடையை இழுத்தார், கத்தவிடாமல் வாயைப் பொத்தினார், கையைக் கடித்துவிட்டு ஓடிவந்தேன்’ என்று எழுதியிருந்தாள். எழுத்து கோணவில்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, எல்லாம் இருந்தது.

அல்போன்சா கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டாள். “செத்த நேரம் இங்கயே இரும்மா, வாரேன்” என்று சொல்லிவிட்டு முதல்வர் அறைக்கு ஓடினாள்.

முதல்வர் கடிதத்தைக் கையில் வாங்கவில்லை. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

“பதினெட்டாம் தேதி காலேஜுக்குத் தரம் போட ஆய்வுக்குழு வருது மேடம். புகாரை வாங்காதீங்கன்னு நான் சொல்லல. அது சட்டப்படி தப்பு. ஆனா எதை எப்படி எழுதணும்னு அந்தப் புள்ளைக்குத் தெரியாதுல்ல. நீங்க பெரியவங்க, பாத்துச் சொல்லுங்க.”

இரண்டு வருடத்துக்கு முன் மதுரையில் நடந்த ஒருநாள் பயிற்சிக்கு அல்போன்சா போயிருந்தாள். புகார் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். போலீசுக்குப் போக விருப்பமா என்று முதலில் கேட்க வேண்டும். போனால் கூடப் போய் உதவ வேண்டும். புகாருக்கு ஆளானவரின் கையில் அந்தப் பெண்ணின் மதிப்பெண் இருக்கக் கூடாது. இதில் ஒன்றையும் அவள் அன்று ஜக்கம்மாளிடம் சொல்லவில்லை.

“இந்தப் பலவந்தம்ங்கிற வார்த்தை வேணாம்மா” என்றாள். “இது இருந்துச்சுன்னா போலீசு, கோர்ட்டுன்னு போயிரும். ஊருக்குத் தெரிஞ்சா உங்கம்மா படிப்பையே நிறுத்திப்புடுவாங்க. ‘மனவருத்தம் தரும்படி நடந்துகொண்டார்’னு எழுது, போதும். மிச்சத்தை விசாரணையில வாயால சொல்லு. நாங்க அம்புட்டுப் பேரும் பொம்பளைங்கதான, புரியாதா?”

ஜக்கம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். “நீங்க சொன்னாச் சரிதான் மேடம்.”

புதிதாக நாலு வரியில் எழுதிக் கொடுத்தாள். பழைய கடிதத்தை அல்போன்சா வாங்கி, “இது யார் கையிலயும் சிக்க வேணாம்” என்று நாலாகக் கிழித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். வீட்டுக்குப் போய்க் குப்பைக்கூடையில் போட்டாள். அந்தப் பெண்ணைக் காப்பாற்றிவிட்டதாகவே அன்று அவள் நினைத்தாள்.

விசாரணை ஒரே நாளில் முடிந்தது. குழுத் தலைவர் துணை முதல்வர் கிளாரா. வெளியிலிருந்து வரவேண்டிய உறுப்பினர் வரவில்லை, கையெழுத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். ஒரே மேசை. ஒரு பக்கம் ஜக்கம்மாள், எதிர்ப் பக்கம் குணசீலன். எதிரெதிரே உட்காரவைக்கக் கூடாது என்று அல்போன்சாவுக்குத் தெரியும். கிளாராவின் காதில் முணுமுணுத்தாள். “தனித்தனியாக் கூப்பிட்டா நேரம் போயிரும்” என்றார் கிளாரா. அல்போன்சா வாயை மூடிக்கொண்டாள்.

“பதினோரு நாள் ஏன் சும்மா இருந்த?” என்று ஆரம்பித்தார் கிளாரா.

“பயமா இருந்துச்சு மேடம்.”

“தனியா ஏன் போன? கூட ஒரு பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதான?”

“கையெழுத்துக்குத்தான மேடம் போனேன்.”

“என்ன நடந்துச்சுன்னு சார் முன்னாடியே சொல்லு.”

ஜக்கம்மாள் எதிரே இருந்தவரைப் பார்த்தாள். குணசீலன் தலையைக் குனிந்து, வருத்தப்படுகிற தகப்பனைப்போல உட்கார்ந்திருந்தார். அவள் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. அல்போன்சாவைப் பார்த்தாள். அல்போன்சா எதிரிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெக்கார்டு சரியில்லைன்னு கொஞ்சம் கடுமையாத் திட்டுனேன்” என்றார் குணசீலன். “அது அந்தப் பொண்ணு மனசு நோகுற மாதிரி இருந்திருந்தா, நான் வருத்தப்படுறேன்.”

அறிக்கையில் புகார்க் கடிதத்தின் வரியையே எடுத்துப் போட்டார்கள். மனவருத்தம் தரும்படி நடந்துகொண்டது உண்மை, அதற்காகத் துறைத்தலைவர் வாய்மொழியாக எச்சரிக்கப்படுகிறார். அல்போன்சா மூன்றாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் எல்லா வகுப்பிலும் ஒரு சுற்றறிக்கை வாசித்தார்கள்: மாணவிகள் யாரும் தனியாக ஆய்வகத்துக்குச் செல்லக் கூடாது. வாசித்து முடித்ததும் விலங்கியல் வகுப்பில் அத்தனை பேரும் ஜக்கம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பதினெட்டாம் தேதி ஆய்வுக்குழு வந்தது, வாழையிலையில் விருந்து சாப்பிட்டது, கல்லூரிக்கு நல்ல தரம் கொடுத்துவிட்டுப் போனது.

ஏப்ரலில் செய்முறைத் தேர்வு நடந்தது. உள்தேர்வாளர் குணசீலன்தான். வகுப்பில் முதல் மூன்று இடத்துக்குள் இருந்த ஜக்கம்மாள் அதில் தேறவில்லை.

முடிவு தெரிந்த அன்று சாயங்காலமே அவள் ஊருக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கருப்பம்மாள் படிப்பை நிறுத்தவில்லை, அடிக்கவும் இல்லை. ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, விடிந்ததும் முதல் பஸ்ஸில் மகளைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்து மகளிர் காவல் நிலையத்தில் நின்றாள்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் கல்லூரியிலிருந்து விசாரணைக் கோப்பை வரவழைத்தார். படித்துவிட்டு மேசைமேல் போட்டார்.

“உன் கையெழுத்துதான இது? அன்னைக்கு மனவருத்தம்னு எழுதியிருக்க. பரீட்சையில போனதும் பலவந்தம்ங்கிற. நான் எதை நம்ப?”

ஜக்கம்மாள் அங்கிருந்து நேராக அல்போன்சாவின் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசற்கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மேடம், நான் மொதல்ல எழுதுன லெட்டரு எங்க?”

அல்போன்சா கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

“கிழிச்சதைத் தூரப் போட்டுட்டீகளா?”

“போட்டுட்டேம்மா.”

அவள் தலையை ஆட்டினாள். அழுவாள் என்று அல்போன்சா எதிர்பார்த்தாள். அழவில்லை. திரும்பி நடந்து தெருமுனையில் நின்றிருந்த அம்மாவோடு சேர்ந்துகொண்டாள்.

அல்போன்சா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவள் கணவர் ஆண்டனிராஜ் பள்ளிக்கூட ஆசிரியர், நல்ல மனிதர். “நீ என்ன கெட்ட எண்ணத்துலயா செஞ்ச?” என்று தேற்றினார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பிள்ளைக்காகச் செய்தது பாதியென்றால், முதல்வர் முகம் கோணக் கூடாதே என்று செய்தது மீதிப் பாதி. எந்தப் பாதி பெரியது என்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதே இல்லை.

மூன்றாம் நாள் காவல் நிலையத்துக்குப் போனாள். முதல் கடிதத்தில் என்ன இருந்தது, அதை மாற்றி எழுதச் சொன்னது தான், கிழித்தது தான், அதற்கு முன் முதல்வர் சொன்னது இது என்று எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அதன் பிறகுதான் முதல் தகவல் அறிக்கை பதிவானது.

கல்லூரி நிர்வாகம் சுறுசுறுப்பாக நடந்துகொண்டது அப்போதுதான். மாணவியின் புகார்க் கடிதத்தை அழித்து, விசாரணையைத் திசைதிருப்பிய குற்றத்துக்காக உதவிப் பேராசிரியை அல்போன்சா தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார் என்று உத்தரவு வந்தது. தான் அப்படி எதுவும் சொல்லவே இல்லை என்றார் முதல்வர். பத்திரிகைக்காரர்களிடம், “ஒரு தனிநபர் செய்த தவறுக்கு நிர்வாகம் உடனடியாக நடவடிக்கை எடுத்திருக்கிறது” என்றார். அதில் பொய் என்று சொல்ல அல்போன்சாவிடம் ஒன்றுமில்லை. கிழித்தது அவள்தானே.

குணசீலன் முன்ஜாமீன் வாங்கினார். மூன்று வாரம் மருத்துவ விடுப்பில் இருந்தார். பிறகு பழனிப் பக்கம் அதே அறக்கட்டளை நடத்தும் இன்னொரு கல்லூரிக்கு அவரை மாற்றினார்கள், பொறுப்பு முதல்வராக.

வழக்கு திண்டுக்கல் கோர்ட்டுக்கு வந்தபோது ஒரு வருடம் ஓடியிருந்தது. அன்றைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. ஜூன் மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். வெளியே வந்த அல்போன்சா, வேப்பமரத்தடியில் தாயும் மகளும் நிற்பதைப் பார்த்தாள். ஜக்கம்மாள் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஆள் பாதியாய் இளைத்திருந்தாள்.

கருப்பம்மாள்தான் முதலில் பேசினாள். “ஒன்னைய நம்பித்தான டீச்சரம்மா எம்புள்ள வந்துச்சு? அந்தாளு கெட்டவன்னு தெரியும், ஒதுங்கிக்கிறலாம். ஒன்னையத் தெரியலையே.”

“தப்புத்தாம்மா. என்னைய மன்னிச்சிருங்க” என்றாள் அல்போன்சா. “நான் தூங்கி நாளாச்சு. அந்தக் கடிதம் கண்ணுக்குள்ளயே நிக்கிது.”

ஜக்கம்மாள் பொறுமையாகக் கேட்டாள். கோபம் இருந்திருந்தாலாவது அல்போன்சாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“மேடம், கூண்டுல ஏறுனா என்ன சொல்லுவீங்க?”

“நடந்ததைச் சொல்லுவேம்மா. நான் மாத்தச் சொன்னதை, கிழிச்சதை.”

“அதை மட்டும் சொல்லுங்க. எனக்கு நல்லதுன்னு நெனச்சேன், தூக்கம் வரலைன்னெல்லாம் சேக்காதீங்க. அங்கன எழுதுறவுக உங்க வருத்தத்தை எழுதிக்கிட்டு என்னோடத விட்டுருவாக.”

சொல்லிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்தாள். இரண்டு மணி ஷிப்டுக்குப் போக வேண்டும் என்றாள். இருவரும் வெயிலில் பஸ் நிலையத்தைப் பார்க்க நடந்தார்கள். அல்போன்சாவும் அதே நிலையத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. அவர்கள் பஸ் ஏறிப் போயிருப்பார்கள் என்று தோன்றும் வரைக்கும் அவள் அந்த மரத்தடியிலேயே நின்றாள்.