ஏரிக்கு அந்தப் பக்கம்

வரைபடத்தில் நல்லகுண்டபள்ளி பச்சையாக இருந்தது. பச்சை என்றால் ஊருக்குப் பேருந்து வசதி உண்டு என்று பொருள். பச்சையாக இருந்ததால் அந்த ஊருக்கு வந்துகொண்டிருந்த ஒரே பேருந்தை நிறுத்திவிட்டார்கள்.

ஆக்னஸ் இதைத் தெரிந்துகொண்டது அந்த ஊரில்தான். நகரத்தில் தான் போகும் லாலாகுடா சர்ச்சிலிருந்து மருத்துவ முகாமுக்குப் போயிருந்தாள். சொரூபா என்ற பெண் வீங்கிய காலைக் காட்டினாள். நகரத்தில் உப்பல் என்ற பகுதியில் அவளுக்கு மாத்திரை பேக்கிங் வேலை. பேருந்து நின்றபின் ஏரியைச் சுற்றி நடக்கிறாள். தினமும் தாமதம். இந்த மாதத்துக்குள் நேரத்துக்கு வரத் தொடங்காவிட்டால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான். கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரையில் பேருந்து நிறுத்தம் தெரிந்தது. நடுவில் தண்ணீர்.

ஆக்னஸுக்கு முகம் எரிந்தது. போக்குவரத்துக் கழகத்துக்கு அந்த மென்பொருளைச் செய்தது அவளுடைய கம்பெனி. ஒவ்வொரு நிறுத்தத்தையும் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்குள் விழுந்த ஊரெல்லாம் பச்சை. இடையில் பாதை இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. பேருந்து திரும்ப வரும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி சொரூபாவின் எண்ணை வாங்கிக்கொண்டாள்.

மேனேஜர் ஸ்ரீனிவாசன் அதே நகரத்தின் குஷாய்குடாவில் பிறந்து வளர்ந்த தமிழர்; பேச்சில் உருது கலக்கும். ஒப்பந்தத்தில் தூரம் என்றுதான் இருக்கிறது, பாதை என்று எங்கும் இல்லை என்றார். புதன்கிழமை வரைபடத்துக்கு இறுதி ஒப்புதல் தரக் கழக அதிகாரிகள் வருகிறார்கள்.

"கைக்கும்மா இவ்வளவு கோபம்? ஒரு ஊருக்காக ரோடெல்லாம் மறுபடி வரையறதா? நக்கோ, வேணாம்."

"தண்ணி மேல நடந்தவரு ஒருத்தர்தான் சார். நல்லகுண்டபள்ளிக்காரங்களால ஆவாது."

அவர் சிரித்தார். சரி, பார்க்கிறேன் என்றார்.

மறுநாள் வரைபடத்தில் நல்லகுண்டபள்ளியே இல்லை. அந்த ஊரின் மக்கள்தொகையை எதிர்க்கரை ஊரின் மக்கள்தொகையோடு கூட்டி, இரண்டையும் ஒரே ஊராக்கி, புள்ளியை நிறுத்தத்தின் மேலேயே வைத்திருந்தார். எல்லா ஜனங்களும் ஒரே இரவில் ஏரியைக் கடந்திருந்தார்கள்.

மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது ஆக்னஸின் வேலை; இந்தச் சோதனையில் மென்பொருள் தோல்வி என்று பதிவு செய்தாள். ஸ்ரீனிவாசன் அதே சோதனையைப் பக்கத்து இருக்கை பிரசன்னாவிடம் கொடுத்தார். அடுத்த வாரம் விசா நேர்காணலுக்குப் போக இருந்த பிரசன்னா அவள் பக்கம் திரும்பாமல் வெற்றி என்று பதிவு செய்தான்.

புதன்கிழமை அதிகாரிகள் வந்தார்கள். சமோசா வந்தது. திரையில் மாவட்டம் முழுவதும் பச்சை. மூத்த அதிகாரி கைதட்டினார். கேள்வி ஏதாவது உண்டா என்று மரியாதைக்குக் கேட்டார்.

ஆக்னஸ் எழுந்தாள். அரைகுறைத் தெலுங்கில் சொன்னாள். ஒரு ஊரை எடுத்துவிட்டார்கள். ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். நடுவில் ஏரி இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு வேலை போகப்போகிறது. இன்றே ஜீப்பில் வந்து பாருங்கள்.

அதிகாரி கோபப்படவில்லை. அந்த ஊர் தனக்குத் தெரியும் என்றார். ஆனால் ஏரியைச் சுற்றிப் போக வேண்டும், அரைநாள் வீணாகிவிடும், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார்.

அவள் ஸ்ரீனிவாசனைப் பார்த்தாள்.

"கேட்டீயளா சார்? ஜீப்புலயே சுத்திப் போவ முடியலையாம். அவ நடக்கா."

அந்தப் பெண் தமிழில் என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார். உங்களுக்கு இன்னும் டீ வேண்டுமா என்று கேட்கிறாள் என்றார் ஸ்ரீனிவாசன். அதிகாரி வேண்டாம் என்று அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆக்னஸ் படிக்கட்டில் நின்று சொரூபாவுக்குப் போன் செய்தாள். உன் ஊரை அழித்துவிட்டார்கள் என்று சொல்ல நினைத்தாள். தெலுங்கு வரவில்லை. பேருந்து வராது என்று மட்டும் சொன்னாள்.

அப்படியானால் நாளையிலிருந்து வேலைக்குப் போகவில்லை என்றாள் சொரூபா.